கம்பளிக்குள் ஒரு மணம்

இலங்கை மலையகத்து டயகமக் குளிரில் மூக்கடைத்தால், தோட்ட லயத்தில் முதல் வேலை யூக்கலிப்டஸ் இலை ஒடிப்பதுதான். கசக்கும்போதே விரலில் பிசுபிசுக்கும் எண்ணெய். கொதித்த சட்டியைத் தரையில் இறக்கி, இலையைப் போட்டுக் கம்பளியால் மூடினால், உள்ளே இருட்டும் காரமான மணமும். நாடியில் வியர்வை சொட்டும். "வாயத் தொறக்காம மூக்கால இழு" என்பார் அம்மாயி. அவசரப்படுபவர்களுக்கு இருமல்தான் மிச்சம்.

மூக்கின் உட்சவ்வு மெல்லியது, அடியில் ரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கும். அதனால்தான் மூக்கில் பீய்ச்சும் சில மருந்துகள் வயிறு, ஈரலைச் சுற்றாமல் நேரே ரத்தத்தில் கலக்கின்றன. இலையாவியின் வித்தை வேறு: அதன் எண்ணெயிலுள்ள சினியோல் எனும் பொருள் குளிர் உணரும் நரம்பைச் சீண்டும். அடைப்பு கொஞ்சம் மிஞ்சினாலும் மூச்சு சில்லென்று இறங்கும். சித்தாலேப களிம்புப் போத்தலை அப்புறம் தேடலாம்.