இரக்கம் மட்டும் போதுமா? டிக்கன்சின் ஆலை நகரம்

ஆலைத்தொழில் முதன்முதலில் வேரூன்றிய நாடு இங்கிலாந்து. 1769இல் ஆர்க்ரைட்டின் நூற்பு இயந்திரமும், நீராவி இயந்திரத்தில் ஜேம்ஸ் வாட் செய்த மேம்பாடும் காப்புரிமை பெற்றன. பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டமையால் வாழ்வாதாரம் இழந்த உழவரும், விசைத்தறியோடு போட்டியிட இயலாத கைத்தறியாளரும் ஆலை நகரங்களில் குவிந்தனர். 1801இல் ஏறத்தாழ 75 ஆயிரம் மக்களைக் கொண்டிருந்த மான்செஸ்டர், 1851இல் 3 லட்சத்தைத் தொட்டது. 9 வயதுக்குட்பட்ட சிறாரை நெசவாலைகளில் அமர்த்துவதற்குத் தடை விதிக்க 1833இல் ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதிலிருந்தே அன்றைய நிலையை நாம் உணரலாம்.

இந்நிலையைக் கண்டு எழுந்த புதினங்களுள் ஒன்று, சார்லஸ் டிக்கன்ஸ் 1854இல் தம் வார இதழில் தொடராக எழுதிய 'ஹார்டு டைம்ஸ்'. புகை மண்டிய கோக்டவுன் என்னும் கற்பனை நகரமே அதன் களம். ஆனால் கதை தொடங்குவது ஆலையில் அன்று, பள்ளியில். அங்கே சிஸி என்னும் சிறுமிக்குப் பெயர் இல்லை. அவள் 20ஆம் எண். குதிரைகளோடு வளர்ந்த அவளுக்குக் குதிரையின் இலக்கணம் சொல்லத் தெரியவில்லை. பற்களின் எண்ணிக்கையை ஒப்பிக்கும் பிட்சர் பாராட்டுப் பெறுகிறான். ஆலையிலோ தொழிலாளர் வெறும் 'கைகள்'. மனிதனை எண்ணாகவும் உறுப்பாகவும் குறுக்கும் ஒரே மனப்போக்கு வகுப்பறையையும் தறிக்கூடத்தையும் ஆள்கிறது எனக் காட்டியதே டிக்கன்சின் பெரும் வெற்றி.

எனினும் ஒரு குறையை நாம் சுட்டியாக வேண்டும். நல்ல தொழிலாளியாகப் படைக்கப்பட்ட ஸ்டீபன் சங்கத்தில் சேர மறுப்பவன். சங்கப் பேச்சாளன் ஸ்லாக்பிரிட்ஜோ வெற்று ஆரவாரக்காரன். 10 விழுக்காடு ஊதிய உயர்வு கேட்டுப் பிரஸ்டன் நகரத் தொழிலாளர் போராடிய வேளையில், 1854 ஜனவரியில், டிக்கன்ஸ் அங்கு நேரில் சென்றவர். அவர்களது கூட்டத்தின் ஒழுங்கையும் பொறுமையையும் அவரே தம் இதழில் மெச்சி எழுதினார். கட்டுரையாளர் கண்ட உண்மையைப் புதின ஆசிரியர் ஏன் கைவிட்டார்? கைவிட்டதன் விளைவாக ஸ்டீபன் தனியனாகிறான். கைவிடப்பட்ட சுரங்கக் குழியில் விழுந்து மடிகிறான். நாம் கண்ணீர் வடிக்கிறோம். ஆனால் அவனுக்குரிய நீதியைக் கேட்பவர் எவருமில்லை.

மான்செஸ்டரிலேயே வாழ்ந்த எலிசபெத் கேஸ்கெல் 1848இல் வெளியிட்ட 'மேரி பார்ட்டன்' இவ்விடத்தில் ஆழமானது. அதில் வரும் சங்கத்தவன் ஜான் பார்ட்டன் கொலைகாரனாகிறான். ஆசிரியர் அதை நியாயப்படுத்தவில்லை. ஆயினும் வேலையற்றிருந்த நாளில் போதிய உணவின்றி அவன் மகன் இறந்ததையும், முதலாளி வீட்டார் நிறைவாய் வாழ்ந்ததையும் அருகருகே வைக்கிறார். வன்முறையின் வேர் நமக்குப் புலனாகிறது.

தொழிலாளர் சங்கம் அமைப்பது இயற்கை உரிமை எனத் திருத்தந்தை 13ஆம் லியோ தம் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் 1891இல் எடுத்துரைத்தார். மைன்சு ஆயர் கெட்லர் போன்றோர் முன்னரே குரல் எழுப்பியிருந்தனர். 2025இல் திருத்தந்தை 14ஆம் லியோ தம் பெயர்த் தேர்வுக்கு அம்மடலையே காரணம் காட்டினார்.

துன்புறும் தொழிலாளிக்காக உருகுவது எளிது. அவன் பிறரோடு சேர்ந்து நின்று கூலி கேட்கும்போதும் நம் உள்ளம் அவன் பக்கம் நிற்குமா? டிக்கன்சின் புதினம் விடையளிக்காமல் விட்ட இவ்வினாவுக்கு நம் பங்குகளும் நிறுவனங்களும் விடை கூறக் கடமைப்பட்டுள்ளன.