விலை எழுதப்படாத கட்டம்

2007 அக்டோபர் 10 அன்று, இங்கிலாந்தின் ரேடியோஹெட் இசைக்குழு 'இன் ரெயின்போஸ்' என்னும் தொகுப்பைத் தன் இணையதளத்தின் வழியாகவே வெளியிட்டது. இடையில் இசைத்தட்டு நிறுவனம் இல்லை, கடையும் இல்லை. விலை இருக்க வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது. கேட்பவர் தமக்கு உகந்த தொகையை அதில் எழுதலாம். சுழியம் என்றும் எழுதலாம்.

இதைத் துணிவு என்று புகழ்ந்தோர் பலர்; விளம்பர உத்தி என்று ஒதுக்கினோர் சிலர். இரண்டிலும் உண்மை உண்டு என்றே நாம் கருதுகிறோம். ஈ.எம்.ஐ. நிறுவனத்துடன் குழு செய்திருந்த ஒப்பந்தம் 2003-இல் ஆறாவது தொகுப்போடு நிறைவுற்றிருந்தது. அவ்வாறு தொகுப்புகளும் வெளிவந்த பத்தாண்டுகளில் அந்நிறுவனத்தின் பணமும் விற்பனை வலைப்பின்னலும் உலகெங்கும் அவர்களுக்கு இரசிகர்களைத் தேடித் தந்தன. கதவைத் திறந்து வைப்பவனின் பெருந்தன்மை தெரிய வேண்டுமானால், வாசலில் முன்பே கூட்டம் நிற்க வேண்டும் அல்லவா? பெயரறியாத பாடகர் ஒருவர் அதே கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தால் அதை யார் பார்த்திருப்பார்?

பதிவிறக்கியோரில் பத்தில் ஆறு பேர் ஒன்றுமே கொடுக்கவில்லை என்று அளவை நிறுவனம் ஒன்று கூறியது. குழு அதை மறுத்தது. ஆனால், முந்தைய தொகுப்புகள் அனைத்தும் இணைய வழியில் ஈட்டியதைவிட இந்த ஒன்றே மிகுதியாக ஈட்டியது என்று பாடகர் தாம் யார்க் அவ்வாண்டின் இறுதியில் தெரிவித்தார். பழைய ஒப்பந்தத்தில் இணைய விற்பனைக்குப் பங்கே இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். ஆண்டு மாறும் வேளையில் அதே பாடல்கள் குறுந்தட்டாகக் கடைக்கு வந்தபோது, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விற்பனையில் முதலிடம் பெற்றன. இலவசமாகக் கிடைத்ததைக் காசு கொடுத்து வாங்க இத்தனை பேர் முன்வந்தது நமக்கு வியப்பையே தருகிறது.

எனினும் குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்று இணையத்தில் தரப்பட்டது நொடிக்கு 160 கிலோபிட் அளவுக்குச் சுருக்கப்பட்ட ஒலி. முழுமையான ஒலியை விரும்பியவர் தட்டுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. நைன் இஞ்ச் நெயில்ஸ் குழுவின் டிரெண்ட் ரெஸ்னர் இதை வெளிப்படையாகவே குறைகூறினார். 2008 மே மாதம் தம் 'தி ஸ்லிப்' தொகுப்பைச் சுருக்கப்படாத தரத்திலும் இலவசமாகவே கொடுத்தார். கொடுப்பதென்று வந்தபின் முழு அளவில் கொடுப்பதே அழகு என்னும் அவர் நிலையே நமக்கு உடன்பாடு.

விமரிசகர்களாகிய நமக்கும் அந்நாள் ஒரு பாடம் கற்பித்தது. வழக்கமாக வெளியீட்டுக்குப் பல வாரங்களுக்கு முன்பே பிரதி நம் கைக்கு வரும். நாம் சொன்ன பிறகே மற்றவர் கேட்பர். அன்றோ அனைவரும் ஒரே காலையில் கேட்டனர். 'நியூட்' என்னும் பாடலை அக்குழு 1998 முதலே மேடையில் பாடிவந்தது. மனநிறைவளிக்கும் வடிவம் கிட்டாமல் ஒன்பது ஆண்டுகள் அதைத் தொகுப்பில் சேர்க்கவில்லை. முந்திச் சொல்லும் அவசரம் இல்லாததால் அந்தப் பாடலை மும்முறை கேட்டபின்பே நாம் எழுதுகோலைத் தொட்டோம். மெல்ல மேலெழுந்து காற்றில் கரையும் அக்குரலுக்கு அந்தக் காத்திருப்பு தகும்.

2011-இல் வந்த அடுத்த தொகுப்பையும் குழு தன் தளத்தில் நேரடியாகவே விற்றது. இம்முறை கட்டத்தில் விலை அச்சாகியிருந்தது.