புகையின் ருசி

விஸ்கியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அது நம் நாக்கை அவசரப்படுத்துவதே இல்லை. தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு பகுதி மால்ட் விஸ்கிகள்தான் இணக்கமாக இருந்தன. கிளென்ஃபிடிக்கில் பேரிக்காய் வாசம், மெல்லிய தேன் இனிப்பு. தொண்டையை உரசாமல் இறங்கும். பிறகு ஷெரி பீப்பாயில் கிடந்து கறுத்தவற்றின் மேல் மனம் போனது: உலர்திராட்சை, ஆரஞ்சுத் தோல், நாக்கின் ஓரத்தில் லேசான துவர்ப்பு. ஐலா தீவின் லாஃப்ரோய்கை மட்டும் அப்போது மூக்கருகே கொண்டுபோகவே முடியவில்லை. டிங்சர் அயோடின் நெடி! முளைகட்டிய பார்லியை, சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்த பீட் என்னும் கரிமண்ணின் புகையில் உலர்த்துவதால் வருவது அது.

அந்தப் புகையைத்தான் இப்போது தேடுகிறேன். கிளாஸில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கொஞ்சம் காத்திருந்தால், நெடி தணிந்து, அடியிலிருந்து கடல் உப்பும் எலுமிச்சையும் பார்லியின் இனிப்பும் ஒவ்வொன்றாக எழும்பி வருகின்றன. விழுங்கிய பின்னும் விறகடுப்பின் வாசனைபோல வாயில் வெகுநேரம் தங்குகிறது. லாஃப்ரோய்கிலும் அதே தீவின் போமோரிலும் ஒரு பகுதி பார்லியை நெடுங்காலம் கல்தரையில் பரப்பி, ஆட்களே புரட்டிவிட்டார்கள். அந்தக் கைப்பாடு எனக்குப் பெரிய மரியாதைக்குரியது. கிளென்ஃபிடிக்கும் கசந்துவிடவில்லை, சாயங்காலத்தின் முதல் கிளாஸுக்கு அதன் மென்மை இன்றும் வேண்டியிருக்கிறது. புகைவாசம் பிடிக்காதவர்கள் அவசரப்பட்டு ஒதுக்கிவிட வேண்டாம். ஐஸை மட்டும் நிறையப் போடாதீர்கள். குளிர்ந்தால் வாசம் ஒடுங்கிவிடும்.