இடர், நீடிப்பு, கொள்கை: இளநிலைச் சுற்றுச்சூழல் பாடத்திட்டத்தில் காலநிலைக் கல்வி குறித்த திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

இந்தியக் கல்லூரிகளில் இளநிலை மாணவர் அனைவருக்கும் உரிய கட்டாயப் பாடமாகச் சுற்றுச்சூழல் கல்வி இடம்பெற்றுள்ளது. அப்பாடத்திட்டம் காலநிலை மாற்றம், இடர், வளங்குன்றா வளர்ச்சி ஆகிய மூன்று கருத்தாக்கங்களை எவ்வாறு வரிசைப்படுத்துகிறது என்பதையும், அவற்றைத் தமிழில் பயிற்றும்போது கலைச்சொற்கள் பொருளை எவ்வாறு திசைமாற்றுகின்றன என்பதையும் இக்கட்டுரை திறனாய்வு நோக்கில் ஆராய்கிறது. இம்மூன்றையும் இணைத்துக் கற்பிக்காதவரை மாணவர் வரையறைகளை அறிவாரேயன்றித் தம் மாவட்டத்தின் இடரை அறியார் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: காலநிலை மாற்றம், இடர், நொய்மை, வளங்குன்றா வளர்ச்சி, பாடத்திட்டம், கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பர் 22ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, சுற்றுச்சூழல் கல்வியைப் பள்ளி, கல்லூரி நிலைகளில் கட்டாயமாக்குவதற்கு வித்திட்டது. அதன் தொடர்ச்சியாகப் பல்கலைக்கழக மானியக்குழு இளநிலைப் பட்டப்படிப்புகள் அனைத்திற்கும் பொதுவான ஆறு மாதப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்தது. கணிதம் பயில்பவரும் தமிழ் இலக்கியம் பயில்பவரும் வணிகவியல் பயில்பவரும் ஒரே வகுப்பில் கற்கக்கூடிய மிகச் சில பாடங்களுள் இது ஒன்று. இத்தகைய வாய்ப்பு எவ்வாறு பயன்படுத்தப்பட்டுள்ளது என்னும் வினாவே இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளி.

பாடத்திட்டத்தின் அமைப்பு

பாடத்திட்டமும் ஒரு பனுவலே. எது முதலில் வருகிறது, எது எதனோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது, எதற்கு எத்தனை மணிநேரம் என்பவற்றைக் கொண்டு அதன் உட்கிடையை உணரலாம். மானியக்குழுவின் முதல் பாடத்திட்டம் எட்டு அலகுகளையும் 50 விரிவுரைகளையும் கொண்டது. அதில் பேரிடர் மேலாண்மை, மாசுபாடு பற்றிய ஐந்தாம் அலகின் இறுதியில் வெள்ளம், நிலநடுக்கம், புயல், நிலச்சரிவு என்னும் பட்டியலாக இடம்பெறுகிறது. வளங்குன்றா வளர்ச்சி, சமூகச் சிக்கல்கள் பற்றிய ஆறாம் அலகின் தொடக்கத்தில் வருகிறது. காலநிலை மாற்றமும் அதே அலகில்தான் உள்ளது. எனினும் அது அமில மழை, ஓசோன் படலச் சிதைவு, அணு விபத்துகள் ஆகியவற்றோடு ஒரே வரியில் அடுக்கப்பட்டுள்ளது.

இவ்வடுக்குமுறை இரு விளைவுகளைத் தருகிறது. முதலாவது, புயலும் வெள்ளமும் ஓர் அலகிலும் அவற்றின் தன்மையை மாற்றிவரும் காலநிலை மற்றோர் அலகிலும் நிற்பதால் இரண்டிற்குமான உறவு மாணவர் பார்வைக்கு வருவதில்லை. இரண்டாவது, காலநிலை மாற்றம் பல தீமைகளுள் ஒன்றாகத் தோன்றுகிறது. அமில மழைக்குக் காரணமான உமிழ்வைச் சில தொழிற்சாலைகளில் கட்டுப்படுத்த இயலும். காலநிலை மாற்றமோ ஆற்றல், போக்குவரத்து, வேளாண்மை, நகர விரிவாக்கம் என ஆட்சியின் எல்லாத் துறைகளையும் தொடுவது. எனவே அது கொள்கை சார்ந்த சிக்கல். பட்டியலில் அமைந்ததால் அக்கொள்கைத் தன்மை மறைந்துபோகிறது.

2023இல் மானியக்குழு வெளியிட்ட புதிய வரைவுச் சட்டகம் காலநிலை மாற்றத்தின் தாக்கம், தகவமைப்பு, தணிப்பு ஆகியவற்றுக்குத் தனி அலகு ஒதுக்கியுள்ளது. இது வரவேற்கத்தக்க முன்னேற்றம். ஆயினும் சுற்றுச்சூழல் மேலாண்மை வேறொரு அலகாகவும், சட்டங்களும் உடன்படிக்கைகளும் மற்றொரு அலகாகவும் நிற்கின்றன. தனித்தனி அறைகள் விரிவாகியுள்ளன. அறைகளுக்கிடையே வாயில் இன்னும் திறக்கப்படவில்லை எனலாம்.

'இடர்' என்னும் சொல்லின் சுமை

தமிழில் பயிற்றும்போது இச்சிக்கல் மேலும் ஆழமாகிறது. பன்னாட்டு அரசுகளுக்கிடையேயான காலநிலை மாற்றக் குழு 2014இல் நிறைவுசெய்த ஐந்தாம் மதிப்பீட்டு அறிக்கை, இடர் என்பதை மூன்று கூறுகளின் சேர்க்கையாக விளக்குகிறது. அவை: தாக்கும் நிகழ்வு, அதன் வழியில் மக்களும் உடைமைகளும் இருக்கும் நிலை, தாக்குண்டால் தாங்க இயலாத நொய்மை. புயல் தன்னளவில் இடர் அன்று. ஆளில்லாக் கடற்பரப்பில் வீசி அடங்கும் புயலால் எவர் வாழ்வும் சிதைவதில்லை.

தமிழில் 'இடர்' என்பது துன்பத்தைக் குறிக்கும் பழஞ்சொல். 'இடர் களைதல்' என்னும் வழக்கு, நேர்ந்துவிட்ட துன்பத்தை நீக்குவதையே சுட்டும். நேரக்கூடிய இழப்பை முன்னரே கணிக்கும் கருத்து அச்சொல்லில் இயல்பாக அமையவில்லை. நடைமுறையிலோ தாக்கும் நிகழ்வு, நேரக்கூடிய இழப்பு ஆகிய இரண்டிற்கும் 'இடர்' என்னும் ஒரே சொல் ஆளப்படுகிறது. நேர்ந்துவிட்ட அழிவோ அதனோடு அடைமொழி சேர்ந்து 'பேரிடர்' ஆகிறது. இதனால் இடர் என்பது வானிலிருந்து இறங்குவது, அது நிகழ்ந்தபின் துயர் துடைப்பதே அரசின் பணி என்னும் எண்ணம் மாணவர் மனத்தில் படிகிறது. நொய்மையை உருவாக்குவதில் நிலவுடைமைக்கும் குடியிருப்புக் கொள்கைக்கும் உள்ள பங்கு விவாதத்திற்கே வருவதில்லை.

2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலை இங்கு எடுத்துக்காட்டலாம். காற்று வீசியது ஓர் இரவு. சாய்ந்த தென்னைக்கு மாற்றாக நட்ட கன்று காய்ப்புக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். தோப்பின் உரிமையாளர், குத்தகைக்கு எடுத்தவர், மரமேறிக் கூலி பெற்றவர், கீற்று முடைந்து வாழ்ந்தவர் ஆகியோரைத் தாக்கிய காற்று ஒன்றே. அவர்தம் நொய்மை ஒன்றன்று. சாய்ந்த மரங்களை எண்ணி வழங்கும் இழப்பீடு, மரம் தமக்குச் சொந்தமில்லாதவரை எண்ணாமல் விட்டுவிடக்கூடும். 'புயலின் விளைவுகளை விளக்குக' என்னும் வினா இவ்வேறுபாட்டைத் தொடாது. 'ஒரே புயலில் யாருக்கு இழப்பு மிகுதி, ஏன்?' என்னும் வினா தொடும். முதல் வினா நினைவாற்றலையும் இரண்டாவது கொள்கை அறிவையும் சோதிக்கின்றன.

நீடிப்பது எது?

பிரண்ட்லேண்ட் ஆணையம் 1987இல் முன்வைத்த கருத்தாக்கத்திற்குத் தமிழில் நீடித்த வளர்ச்சி, நிலைத்த வளர்ச்சி, வளங்குன்றா வளர்ச்சி எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. இலங்கைத் தமிழில் 'பேண்தகு அபிவிருத்தி', 'நிலைபேறான அபிவிருத்தி' என்னும் வழக்குகள் உள்ளன. இவை வெறும் மாற்றுச் சொற்கள் அல்ல. 'நீடித்த வளர்ச்சி' என்பதில் நீடிப்பது வளர்ச்சியே. வளம் அருகினும் வளர்ச்சி தொடர வேண்டும் என்றுகூட அதற்குப் பொருள் கொள்ள இடமுண்டு. 'வளங்குன்றா' என்னும் அடை, வரும் தலைமுறையின் தேவையை நிகழ்காலம் பறித்துவிடக் கூடாது என்னும் மூலக் கருத்துக்கு அண்மையில் நிற்கிறது. ஒரே பாடநூலில் இச்சொற்கள் வேறுபாடின்றி ஆளப்படுமாயின் மாணவர்க்குக் கருத்து மங்கும். கலைச்சொற்களின் ஒருமை என்பது கருத்தின் தெளிவு பற்றியது.

'பருவநிலை', 'காலநிலை' என்பவற்றிற்கும் இது பொருந்தும். பருவம் என்பது கார், கூதிர் முதலான ஆண்டின் கூறுகளை நினைவூட்டுவது. நெடுங்காலச் சராசரியில் நிகழும் மாற்றத்தைக் குறிக்கக் 'காலநிலை'யே பொருத்தமானது. தமிழ்நாடு அரசின் துறைப் பெயரிலும் அச்சொல்லே இடம்பெற்றுள்ளது.

திணைப் பெருமிதமும் அதன் எல்லையும்

தமிழ்த்துறை ஆய்வுகள் இப்பொருளை அணுகும்போது திணைக் கோட்பாட்டிலிருந்து தொடங்குவது வழக்கம். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்ட தொல்காப்பிய மரபு சூழலியல் சிந்தனைக்கு வளமான ஊற்று என்பதில் ஐயமில்லை. ஆனால் சிலப்பதிகாரக் காடுகாண் காதையில் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாவதாக வரும் கூற்றைக் காலநிலை மாற்றத்தின் முன்னறிவிப்பாகக் காட்டுவது பொருந்தாது. அது வேனிற் கடுமையால் நிலம் கொள்ளும் தோற்றத்தைப் பேசுவது. இன்றைய மாற்றமோ தொழிற்புரட்சிக்குப் பின்னர் மிகுந்த புதைபடிவ எரிபொருள் பயன்பாட்டால் விளைந்தது. பொறுப்பேற்க வேண்டியோர் உடையது. 'முன்னோர் அறிந்திருந்தனர்' என்னும் முடிவுரையோடு நிறைவுறும் கட்டுரை அப்பொறுப்பு பற்றிய வினாவை எழுப்பாமலே அமைதி கொள்கிறது. கார் தவறினால் முல்லையின் காத்திருப்பு என்னாகும் என்று கேட்பதே மரபை இக்காலத்திற்கு உரியதாக்கும் வழி.

செய்யக்கூடுவன

முதல் பாடத்திட்டமே களப்பணிக்கு 25 மதிப்பெண் ஒதுக்கியது. அப்பகுதி தாவரப் பட்டியலோடும் குப்பைக் கிடங்குப் பார்வையோடும் நின்றுவிட வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், மாவட்டந்தோறும் திட்டம் வகுக்கப்பட வேண்டும் என்றும், பேரிடருக்கு இலக்காகக்கூடிய பகுதிகள் அதில் குறிக்கப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. அத்திட்டத்தை வகுப்பில் படித்து, அதில் குறிக்கப்பட்ட பகுதிக்குச் சென்று, ஆவணம் சொல்வதையும் மக்கள் சொல்வதையும் ஒப்பிட்டுத் தமிழில் அறிக்கை எழுதச் செய்யலாம். தாக்கும் நிகழ்வு, வழியில் இருப்பவை, நொய்மை, கொள்கையின் பதில் என்னும் நான்கு தலைப்புகளே இதற்குப் போதும். இப்பணியில் இடர், கொள்கை, வளங்குன்றாமை ஆகிய மூன்றும் தாமாகவே ஒன்றிணையும். ஆவணத்தைப் பனுவலாக வாசிக்கும் பயிற்சியில் மொழித்துறை ஆசிரியர்களின் பங்களிப்பு இன்றியமையாதது.

முடிவுரை

காலநிலை மாற்றத்தின் பாதகங்களிலிருந்து விடுபட்டு வாழும் உரிமையை அரசியலமைப்பின் 14, 21ஆம் பிரிவுகளோடு இணைத்து உச்ச நீதிமன்றம் 2024இல் ஏற்றுள்ளது. உரிமை ஒன்றைக் கோர வேண்டுமாயின் அதைக் கூறும் மொழி வேண்டும். கட்டாயப் பாடமாக இரு பதிற்றாண்டுகளைக் கடந்துவிட்ட இக்கல்வி, வரையறைகளை ஒப்புவிக்கும் மொழியைத் தந்திருக்கிறது. தம் ஊரின் நொய்மைக்குக் காரணம் கேட்கும் மொழியை இனித் தர வேண்டும். அம்மொழி, கடலோரக் கல்லூரியின் முதல் தலைமுறை மாணவரைப் பொறுத்தவரை, தமிழாகவே இருக்க இயலும்.