பரணில் காத்திருக்கும் சீர்

புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூர் வட்டாரத்தில் காதணி விழாவோ புதுமனை புகுவிழாவோ முடிந்த வீடுகளின் பரணில், அதாவது கூரையை ஒட்டிப் பொருள் வைப்பதற்கென அமைந்த தளத்தில், எவர்சில்வர் பாத்திரங்கள் தேவைக்கு மேல் சேர்ந்துவிடுவது இயல்பு. அவற்றை இறக்கித் துடைத்து, எது யாருக்குப் பொருந்தும் எனப் பிரித்து வைக்கும் வீட்டுப் பெண்களின் திறன் அதிகம் பேசப்படாத ஒன்று. சுற்றியிருந்த பழைய நாளிதழ் சரசரத்துப் பிரிய, உள்ளிருந்த தட்டுகள் கணீரென மோதி வெளிவருகின்றன. முதலில் பார்க்கப்படுவது விளிம்புதான். பெயர் வெட்டும் கருவி சிறு புள்ளிகளாகப் பொறித்த பெயரும் தேதியும் அங்கே விரல்நுனியில் சொரசொரப்பாகத் தட்டுப்படுமானால், அப்பாத்திரம் எத்தனை உபரியாக இருந்தாலும் வீட்டிலேயே தங்கிவிடுகிறது; அன்பளித்தவரின் பெயரைத் தாங்கிய பொருளைக் கைமாற்றாத அந்த நாகரிகம் மிக அழகானது.

பெயரில்லாத தூக்குவாளி புதுக்குடித்தனம் தொடங்குவோருக்கும், அகன்ற தாம்பாளம் நவராத்திரியில் கொலு வைக்கும் வீட்டுக்கும், ரவிக்கைத் துணி அதன் நிறம் பிடித்தவருக்கும் என மனத்துக்குள் கணக்கு ஓடுகிறது. புளியிட்டுத் தேய்த்த பித்தளைக் குத்துவிளக்கு மட்டும் நெடுநேரம் கையில் இருந்து, தகுந்த வீடு தோன்றும்வரை பரணுக்கே திரும்புகிறது. பெறுபவரின் அடுப்படியை நினைத்துப் பொறுமையாகத் தேர்ந்த பாத்திரம், அவசரத்தில் கடையில் வாங்கியதைவிட ஒரு படி மேல். அதையும் வெறுமையாகக் கொடுப்பதில்லை. ஒரு பிடி அரிசியோ சர்க்கரையோ இட்டுக் கொடுப்பதே வழக்கம்.