பிறவிக் குணமும் ஏற்றிய குணமும்: ‘ரிம்வேர்ல்டு’ விளையாட்டைப் பற்றி

நாடகத்தையும் சினிமாவையும் ஆராய்வதுபோல், நம் இளைஞர் கண்விழித்து ஆடும் கணினி விளையாட்டுகளையும் ஆராய வேண்டிய காலம் இது. கனடாவின் லூடியன் ஸ்டுடியோஸ் 2018-இல் முழு வடிவில் வெளியிட்ட ‘ரிம்வேர்ல்டு’ அவற்றுள் ஒன்று. தொலைதூரக் கிரகத்தில் வந்து விழுந்த சிலரைக் கொண்டு ஒரு குடியேற்றத்தை நிலைநிறுத்துவதே ஆட்டம். 2022 அக்டோபரில் வந்த ‘பயோடெக்’ என்னும் இணைப்பு, அக்குடிகளின் மரபணுவையே மாற்றும் அதிகாரத்தை ஆட்டக்காரருக்கு அளிக்கிறது. அவ்வதிகாரத்தையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

ஒருவரை இயந்திரத்துள் இட்டு மரபணுப் பொதி எடுக்கலாம். பொதிகள் சிலவற்றைச் சேர்த்து மற்றொருவர் உடலில் ஏற்றலாம். ஆனால் எந்த வரமும் இலவசமன்று. மேலான குணம் ஏறுந்தோறும் உடல் உணவைப் பயன்கொள்ளும் திறன் குறையும், பசி பெருகும். அக்கணக்கு பூச்சியத்துக்குக் கீழே ஐந்து படிகளைத் தாண்டலாகாது. இன்னும் வேண்டுமாயின், மந்த நடை, நோயெதிர்ப்புக் குறைவு போன்ற குறை ஒன்றையும் உடன் ஏற்ற வேண்டும். நன்மைக்கு விலையுண்டு என்னும் இவ்விதியை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம்.

எனினும் ஒரு கேள்வி எழுகின்றது. பேரம் பேசுபவர் யார்? ஆட்டக்காரர். விலை கொடுப்பவர் யார்? அந்தக் குடியானவர். கூடுதல் பசியும் குறைபட்ட உடலும் அவருக்கே. மறுக்கும் உரிமையோ அவருக்கில்லை. கைதியிடமும் பொதி எடுக்கலாம். அவருடைய மரபணு தேறுமுன் மறுமுறை எடுத்தால் அவர் மாண்டுபோவார். கணக்கேட்டில் எல்லாம் உண்டு, சம்மதம் என்னும் பத்தி மட்டும் இல்லை.

இவ்விளையாட்டின் பெருஞ்சிறப்பும் இங்கேயே இருக்கின்றது. போருக்கென்றே ஆக்கப்பட்ட ‘ஹுஸார்’ என்பவர் ‘கோ-ஜூஸ்’ என்னும் மருந்தின்றி உயிர்வாழ இயலாதவர். சுரங்கத்துக்கென ஆக்கப்பட்ட ‘டர்ட்மோல்’ என்பவர் மண்ணைத் தோண்டுவதில் வல்லவர், வெயிலில் தளர்பவர். இவர்களைத் தெய்வம் இவ்வாறு படைத்தது என்று கதை கூறவில்லை. வேலை வாங்க விரும்பிய மனிதர் செய்தனர் என்றே வெளிப்படையாகக் கூறுகிறது. பிறப்பால் தொழில் என்பது யாரோ சிலரின் ஆதாயத்துக்காகச் சமைக்கப்பட்டது என்பதை இதனினும் எளிதாக விளக்குதல் அரிது.

குறையும் ஒன்றுண்டு. தோண்டும் திறமையும் அறிவுத் திறமையும் ஆளுக்கொரு பொதியாக இங்கே கிடைக்கின்றன. மெய்யுலகில் திறமை அவ்வாறு ஒற்றை மரபணுவில் அடங்குவதன்று. பல மரபணுக்களும், உணவும், கல்வியும், பயிற்சியும், வாய்ப்பும் சேர்ந்தே அதனை ஆக்குகின்றன. இதை மறந்து ஆடும் இளைஞர், ‘அவன் அதற்கென்றே பிறந்தவன்’ என்னும் பழம் பொய்யை விஞ்ஞானத்தின் பெயரால் மீண்டும் நம்பக் கூடும்.

பிறவி மரபணு பிள்ளைகளுக்குச் செல்லும். ஏற்றிய மரபணு அவரோடு நிற்கும் என்று ஆட்டம் பிரித்துக் காட்டுவது மெய்யான வேற்றுமையே. 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த அரிவாள் செல் நோய்ச் சிகிச்சை, நோயாளியின் இரத்தத்தை உண்டாக்கும் அணுக்களை மட்டும் திருத்துவது. அவர் சந்ததியைத் தொடாதது. 2018-இல் சீனத்தின் ஹே ஜியான்குயி கருவிலேயே மரபணுவைத் திருத்திக் குழந்தைகள் பிறக்கச் செய்ததாக அறிவித்தபோது உலகமே கண்டித்தது. 2019-இல் அவருக்கு மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. முன்னதில் நோயாளி தாமே சம்மதிக்கலாம். பின்னதில் சம்மதம் கேட்கப் பிள்ளை இன்னும் பிறக்கவேயில்லை.

ஆகவே, இளைஞர் இதை ஆடலாகாது என்று நாம் கூறமாட்டோம். ஆடட்டும், ஆனால் ஒவ்வொரு பொதியை ஏற்றும்போதும், இதன் ஆதாயம் யாருக்கு, பசி யாருக்கு என்று தம்மையே கேட்கட்டும். அக்கேள்வி உள்ளத்தில் பதியுமாயின் இவ்விளையாட்டு வீண்பொழுதன்று என்பதே நமது அபிப்பிராயம்.