டிமியின் 13 கோல், டிமியின் 4 கோல்

ஒரு பருவத்தில் 13 கோல், அடுத்த பருவத்தில் 4 கோல். ஆளும் அதே ஆள், போட்டியும் அதே ஐ.எஸ்.எல். கால்பந்து லீக். கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்சள் சட்டையில் 2023-24இல் அதிக கோல் போட்டவருக்கான தங்கக் காலணியை வென்ற கிரேக்க ஸ்டிரைக்கர் டிமிட்ரியோஸ் டயமண்டகோஸ், 2024-25இல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்கு மாறினார். லீக் முடிந்தபோது அவர் பெயருக்கு எதிரே இருந்தவை நான்கே கோல்கள். அணி ஒன்பதாவது இடத்தில் முடித்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூர் காக்களூர் தொழிற்பேட்டையிலும் வேலை பார்க்கும் வங்காள, ஒடிசா, மலையாள இளைஞர்கள் நடுவே இந்த ஆட்டங்களுக்கு ரசிகர்கள் உண்டு. நம் பக்கத்திலோ, கும்மிடிப்பூண்டிக்கும் திருவள்ளூருக்கும் போகும் ரயில்கள் கடந்து செல்லும் வடசென்னையே தமிழகக் கால்பந்தின் தலைவாசல். இவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று: 31 வயதில் டிமிக்குக் கால் தளர்ந்துவிட்டதா? ஆட்டங்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால் வேறு பதில் கிடைக்கிறது. டிமி பந்தை வலைக்குள் அனுப்பும் விதம் பெரிதாக மாறிவிடவில்லை. அவர் காலுக்குப் பந்து வந்து சேரும் வழிதான் அடைபட்டது.

ஏதென்ஸை ஒட்டிய துறைமுக நகரமான பிரேயஸில் 1993 மார்ச்சில் பிறந்தவர் அவர். 2004 யூரோ கோப்பையை கிரீஸ் வென்றபோது அவருக்கு 11 வயது. அந்தத் தொடரின் காலிறுதியில் பிரான்ஸ், அரையிறுதியில் செக், இறுதியில் போர்ச்சுகல் என மூன்று அணிகளையும் கிரீஸ் 1-0 என்றே வீழ்த்தியது. மூன்று கோல்களும் தலையால் முட்டியவை. லிஸ்பனில் 57ஆவது நிமிடத்தில் ஏஞ்சலோஸ் கரிஸ்டியாஸ் முட்டிய பந்துதான் கோப்பையைக் கொண்டுவந்தது. ஓர் ஆட்டத்துக்கு ஒரு வாய்ப்பு, அதை விடக்கூடாது என்பதுதான் அந்தத் தலைமுறை கிரேக்கச் சிறுவர்கள் கண்ணால் பார்த்துக் கற்ற பாடம்.

டிமி வளர்ந்தது உள்ளூர்ப் பெருங்கழகமான ஒலிம்பியாகோஸில். 2012இல் 19 வயதுக்கு உட்பட்டோருக்கான ஐரோப்பியக் கோப்பையின் இறுதி வரை சென்று ஸ்பெயினிடம் 0-1 எனத் தோற்ற கிரேக்க அணியில் அவரும் இருந்தார். ஆனால் ஒலிம்பியாகோஸின் முதல் அணியில் இடம் நிலைக்கவில்லை. பனியோனியோஸ், அரிஸ், எர்கோடெலிஸ் என்று கடன் ஒப்பந்தங்களில் கைமாறினார். பிறகு ஜெர்மனியின் இரண்டாம் பிரிவில் கார்ல்ஸ்ரூஹ, போஹும், செயின்ட் பவுலி. அங்கிருந்து குரோஷியாவின் ஹைடுக் ஸ்பிளிட். இடையே இஸ்ரேலின் அஷ்டோடில் சில மாதம். கும்மிடிப்பூண்டியில் ஆறு மாத, ஓராண்டு ஒப்பந்தத்தில் கம்பெனி கம்பெனியாக மாறும் ஃபிட்டருக்கு இந்த வாழ்க்கை உடனே புரியும். வேலை தெரிந்தவர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. ஆனாலும் ஒவ்வோர் இடத்திலும் முதல் நாளிலிருந்து அதை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த நாடோடி ஆண்டுகளில் ஒரு மாலை தனித்து நிற்கிறது. 2019 செப்டம்பர் 16, ஹாம்பர்க் நகர டெர்பி. பணக்காரக் கழகமான எச்.எஸ்.வி.யை செயின்ட் பவுலி தன் சொந்த மைதானத்தில் கடைசியாக வென்றது 1960இல். அன்று 18ஆவது நிமிடத்தில் டிமி போட்ட கோல் அந்த 59 ஆண்டுக் கணக்கை முடிக்கத் தொடங்கியது, ஆட்டம் 2-0. ஒரு நகரத்தின் பாதிப் பேருக்கு மறக்க முடியாதவராக ஆவதற்கு ஒரே கோல் போதும் என்பதை அவர் கொல்கத்தா போவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே அறிந்திருந்தார்.

கொச்சியின் பிளாஸ்டர்ஸுக்கு அவர் வந்தது 2022இல். இவான் வுகோமனோவிச் பயிற்றுவித்த அந்த அணியில் கிரீஸில் பிறந்த இன்னொரு முன்கள வீரரும் இருந்தார். அவர் மெல்போர்னில் வளர்ந்த அபோஸ்டோலோஸ் ஜியானு. கிரீஸுக்காக ஒரு நட்பு ஆட்டம் ஆடிவிட்டு ஆஸ்திரேலியாவுக்கு மாறியவர். முதல் சில ஆட்டங்களில் டிமிக்கு கோல் இல்லை. நவம்பரில் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டுக்கு எதிராகக் கதவு திறந்தது. அடுத்து கோவாவுக்கு எதிராக ஒன்று. நடப்புச் சாம்பியன் ஹைதராபாத்தை அவர்கள் மைதானத்திலேயே 1-0 என வீழ்த்திய கோலும் அவருடையதுதான். பெங்களூரை 3-2 என வென்ற ஆட்டத்தில் டிமி, ஜியானு இருவரும் ஆளுக்கு ஒன்று போட்டார்கள். பருவ முடிவில் டிமியின் கணக்கு 10. அந்தப் பருவம் எப்படி முடிந்தது என்பது ஊரறிந்த கதை: பெங்களூரின் சுனில் சேத்ரி சட்டென்று எடுத்த ஃப்ரீ கிக்கை எதிர்த்து பிளாஸ்டர்ஸ் அணி களத்தை விட்டே வெளியேறியது. கழகத்துக்கு 4 கோடி ரூபாய் அபராதம்.

டிமியின் ஆட்டத்தைப் புரிந்துகொள்ள இரண்டாவது பருவத்தைத்தான் ஊன்றிப் பார்க்க வேண்டும். பாக்ஸுக்குள் அவர் ஓடும் தூரம் குறைவு. பந்து விங்கில் இருக்கும்போது இரண்டு ஸ்டாப்பர் பேக்குகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் நின்றுகொள்வார். பந்து கிளம்பும் நொடியில் முன் கம்பத்தை நோக்கி இரண்டு எட்டு வைப்பார். முதல் தொடுதலும் ஷாட்டும் ஒரே அசைவாக இருக்கும். இடது கால் அவருடைய பலம். இவ்வளவும் நடக்க வேண்டுமானால், அந்த இரண்டு எட்டுக்குச் சரியான நொடியில் பந்தை அனுப்பும் ஒருவர் வேண்டும். கொச்சியில் அவர் உருகுவேக்காரர் அட்ரியன் லூனா.

2023 நவம்பர் 29 அன்று சென்னையின் எஃப்.சி. கொச்சியில் ஆடிய 3-3 ஆட்டம் தமிழ் ரசிகர்களுக்கு இன்னும் உறுத்தும். முதல் நிமிடத்திலேயே ரஹீம் அலி கோல் போட, அரை மணி நேரத்துக்குள் சென்னை 3-1 என முன்னிலை. அதை விட்டுக்கொடுத்ததில் டிமியின் பங்கு இரண்டு கோல்: முதலில் ஒரு பெனால்டி, இடைவேளைக்குப் பிறகு சமன் செய்த மூன்றாவது.

அடுத்த மாதமே லூனாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. பந்து தருபவர் போய்விட்டார், இனி டிமி அவ்வளவுதான் என்று பேசப்பட்ட நாள்கள் அவை. ஆனால் டிசம்பர் 24இல் மும்பை சிட்டிக்கு எதிராக ஒரு கோல். மூன்று நாள் கழித்து கொல்கத்தா சால்ட் லேக்கில் மோகன் பகானுக்கு எதிராக ஒன்பதாவது நிமிடத்தில், சுற்றி நின்ற டிஃபெண்டர்களைக் கடந்து தனியாகவே பந்தை எடுத்துச் சென்று அடித்த கோல். ஆட்டத்தின் ஒரே கோலும் அதுதான். 2024 பிப்ரவரி 25இல் கோவாவுக்கு எதிராக 0-2 எனப் பின்தங்கிய பிளாஸ்டர்ஸ் 4-2 என வென்றபோது, 80 நிமிடம் கடந்தபின் அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டு ஆட்டத்தைத் திருப்பியவரும் டிமிதான். கொண்டாட்டத்திலும் அவருக்கு அளவு தெரியாது. ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக வெற்றி கோல் போட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றி, இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியேறிய ஆட்டமும் அதே பருவத்தில்தான்.

17 ஆட்டங்களில் 13 கோல். ஒடிசாவின் ராய் கிருஷ்ணாவும் 13 போட்டிருந்தார். குறைந்த நிமிடங்களில் அடித்தவர் என்ற கணக்கில் தங்கக் காலணி டிமிக்குப் போனது. ராய் கிருஷ்ணாவுக்கு இது பழகிய வலி: 2020-21இல் 14 கோலோடு கோவாவின் இகோர் அங்குலோவிடம் இதே கணக்கில்தான் பரிசை இழந்தார். சென்னையின் எஃப்.சி.க்காக 2019-20இல் 15 கோல் போட்டு, அதே எண்ணிக்கையில் நின்ற கோரோவையும் ஒக்பேச்சேவையும் முந்திப் பரிசை வென்றவர் லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ். அந்த ஆண்டு வால்ஸ்கிஸின் பின்னால் ரஃபேல் கிரிவெல்லாரோ என்ற பிரேசில்காரர் இருந்தார் என்பதை மறந்துவிட்டு அந்த 15ஐப் பேச முடியாது.

ஸ்டிரைக்கருக்குப் பந்து தர ஒருவர் வேண்டும் என்பதை ஈஸ்ட் பெங்கால் உணராத கழகம் அல்ல. டிமியோடு சேர்த்து, முந்தைய பருவத்தில் பஞ்சாபுக்காக அதிக அசிஸ்ட் தந்த மதி தலாலையும் வாங்கியது. தாளில் பார்த்தால் பொருத்தமான ஜோடி. களத்தில் முதல் ஆறு லீக் ஆட்டங்களும் தோல்வி. அதற்குள் பயிற்சியாளர் கார்லஸ் குவாட்ராட் விலகி, ஆஸ்கர் புரூசோன் வந்தார். முதல் புள்ளி முகமதனுக்கு எதிராக நவம்பரில் கிடைத்தது. அந்த ஆட்டத்தில் முதல் பாதியிலேயே இரண்டு விங்கர்கள், நம் சென்னையின் நந்தகுமார் சேகரும் நவோரம் மகேஷும், சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார்கள். ஒன்பது பேர் நின்று 0-0 என முடித்தார்கள். முதல் வெற்றி நார்த்ஈஸ்டுக்கு எதிராக 1-0, கோல் டிமியுடையது. டிசம்பரில் தலால் முழங்கால் தசைநார் கிழிந்து பருவத்தையே இழந்தார். விங்கும் இல்லை, நடுவும் இல்லை. பாக்ஸில் காத்திருப்பதையே ஆட்டமாகக் கொண்டவர் காத்துக்கொண்டே இருந்தார்.

அதே பருவத்தில் பூட்டானில் நடந்த ஏ.எஃப்.சி. சேலஞ்ச் லீக்கில் அவர் வேறு ஆளாகத் தெரிந்தார். லெபனானின் நெஜ்மேவை 3-2 என வென்ற ஆட்டத்தில் இரண்டு கோல். விங்கர்கள் முழுப் பலத்தில், தலால் காயமின்றி இருந்த நாள்கள் அவை. கால் தளர்ந்ததா என்ற கேள்விக்கு அந்த ஒரு வாரமே போதுமான விடை. மூன்று நான்கு அணிகளோடு மோதும் குறுகிய தொடரையும், ஆறு தோல்விக்குப் பின் பயந்து பயந்து ஆடிய லீக்கையும் ஒரே தராசில் வைத்தால் ஸ்டிரைக்கர்மீது பழி விழத்தான் செய்யும்.

நந்தகுமாரின் பெயர் இங்கே சும்மா வரவில்லை. 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிரான டெர்பியை ஒரே கோலில் வென்று தந்தவர் அவர். ஆனால் அவரும் ஆடுவது விங்கில்தான். வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்திலோ, திருவள்ளூர் பள்ளி மைதானங்களிலோ வேகமும் வலதுகால் ஷாட்டும் உள்ள பையன் கிடைத்தால் பயிற்சியாளர் அவனை விங்கில் நிறுத்துகிறார். மேலே ஐ.எஸ்.எல்.லில் நடுவிடம் வெளிநாட்டவருக்கு ஒதுக்கப்பட்டது என்று அவருக்குத் தெரியும். களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவர் ஆடலாம். அதில் ஒருவர் அநேகமாக எப்போதும் ஒன்பதாம் எண், அதாவது நடு ஸ்டிரைக்கர். 2014இல் சென்னையின் எலனோவில் தொடங்கி 2025 வரை ஒரு தங்கக் காலணிகூட இந்தியருக்குப் போகவில்லை. 2024-25இல் 40 வயது சேத்ரி 14 கோல் போட்டும், நார்த்ஈஸ்டின் மொராக்கோ வீரர் அலாதீன் அஜாரே 23 போட்டு வெகுதூரம் சென்றுவிட்டார்.

டிமியை ஆழ்ந்து பார்க்கும் பயிற்சியாளருக்கு இங்கே ஒரு திறப்பு இருக்கிறது. அவர் மின்னல் வேகக்காரர் அல்ல. நிற்கும் இடம், அந்த இரண்டு எட்டு, முதல் தொடுதல்: மூன்றும் பழக்கத்தால் வருபவை, 14 வயதுப் பையனுக்குக் கற்றுத் தரக்கூடியவை. அவனை நடுவில் நிறுத்தி, கூடவே அவனுக்குப் பந்து தருபவனையும் சேர்த்தே வளர்க்க வேண்டும். மாவட்டப் போட்டிகளில் கோல் எண்ணிக்கையை மட்டும் எழுதிவைக்கும் ஸ்கோர் ஷீட்டில் கடைசிப் பாஸ் யாருடையது என்ற ஒரு கட்டம் கூடுதலாக வந்தால், தேர்வாளருக்கு யாரை ஜோடியாக எடுப்பது என்று தெரியும்.

டிமியின் கதைக்குத் திரும்பினால், 2025 ஆகஸ்ட் 17இல் டூரண்ட் காலிறுதி. மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் 2-1 என வென்றது. இரண்டும் டிமியின் கோல்கள். அரையிறுதியில் டயமண்ட் ஹார்பரிடம் அணி தோற்றது. அதன்பின் அதிக நாள் ஆகவில்லை, இரண்டாண்டு ஒப்பந்தத்தின் பாதியிலேயே டிமியும் கழகமும் பிரிந்தார்கள். அவருடைய இடத்துக்கு ஜப்பானின் ஹிரோஷி இபுசுகி வந்தார். ஒன்பதாம் எண்ணுக்கு மீண்டும் ஒரு வெளிநாட்டவர்.